கிக்ஸ்டார்ட் நியோவிம்: செங்கோட்டையிலிருந்து என் அனுபவம்

கோடு எழுதும் எடிட்டரான நியோவிம்முக்கு மாறும்போது, எல்லா அமைப்பும் தயாராக வரும் தொகுப்பைப் போடலாமா, நாமே மாற்றி வளர்த்துக்கொள்ளும் தொடக்க அமைப்பான கிக்ஸ்டார்ட் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நான் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். கிக்ஸ்டார்ட்தான் எனக்கு நிலைத்தது.

செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி கொச்சியிலுள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு கோ (Go) மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். பழைய லேப்டாப், பேட்டரியும் நிற்காது. முதலில் போட்ட தொகுப்பு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, ஆனால் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஃபைலைச் சேமித்தால் கோடு தானாக ஒழுங்காகவில்லை (ஃபார்மட் ஆகவில்லை), எந்த ஃபைலில் எந்த வரி அதைச் செய்கிறது என்று தேடியே ஒரு சாயங்காலம் போய்விட்டது. எங்கள் டீமில் புனலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், நான் சேட்டா என்றுதான் கூப்பிடுவேன், அவர்தான் சொன்னார்: "கிக்ஸ்டார்ட் எடு, ஆனா ஒரு பிளகின்கூட சேர்க்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை மேலிருந்து கீழே படிச்சிடு." பிளகின் என்றால் எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி.

அப்படியே செய்தேன். மொத்தமும் ஒரே இனிட் லுவா (init.lua) அமைப்பு ஃபைல். நியோவிம் உருவாக்குநர்களில் ஒருவரான டி.ஜே. டிவ்ரீஸ் தொடங்கிய திட்டம் அது, ஒவ்வொரு அமைப்புக்கும் மேலே அது ஏன் இருக்கிறது என்று கமெண்ட் எழுதியிருக்கிறார்கள். இது தொகுப்பு இல்லை, உங்கள் சொந்த அமைப்புக்கு ஒரு தொடக்கம் என்று அவர்களே சொல்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குத் தேவையானது கண்ணில் பட்டது. கோ கோடில் பிழை காட்டி, பரிந்துரை தரும் கோபிஎல்எஸ் (gopls) சர்வர் கமெண்ட்டாகத்தான், அதாவது இயங்காத வரியாகத்தான் கிடந்தது, அந்த வரியைத் திறந்துவிட்டு மறுபடி நியோவிம்மைத் தொடங்கியதும் இப்படிப்பட்ட கருவிகளை நிறுவும் மேசன் பிளகின் அதை இறக்கிக்கொண்டது. செய்த மாற்றங்களின் வரலாற்றை டிஸ்க்கில் வைத்திருக்கும் அன்டூஃபைல் (undofile) வசதி ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தது. சீசன் காற்றில் இங்கே அடிக்கடி கரண்ட் போகும், சேமித்துவிட்ட ஃபைல் என்றால் மறுபடி திறந்து பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கீ எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பேஸை அழுத்தினால் அடுத்து என்னென்ன அழுத்தலாம் என்று விச்-கீ பிளகின் காட்டும். ஸ்பேஸ், எஸ், ஹெச் மூன்றையும் வரிசையாக அழுத்தினால் உதவிப் பக்கங்களில் தேடலாம், எனக்குப் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. நியோவிம்முக்கு மூலமான விம் எடிட்டரை இதுவரை தொட்டதே இல்லை என்றால் முதலில் பயிற்சிப் பாடமான டியூட்டர் (:Tutor) கட்டளையைக் கொடுத்து அதை முடித்துவிடுங்கள்.

போடும்போது மாட்டுகிற இடம் பெரும்பாலும் வெளிக் கருவிகள்தான்: கோடின் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட் (git), நிரலைக் கட்டும் மேக் (make), ஜிசிசி (gcc), ஃபைல்களுக்குள் தேடும் ரிப்கிரெப் (ripgrep) இருக்கிறதா என்று பாருங்கள். செக்ஹெல்த் (:checkhealth) கட்டளை கொடுத்தால் என்ன குறை என்று அதுவே சொல்லும். பிளகின் எல்லாம் கோடு பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து இறங்கும், அதனால் முதல் முறை திறக்கும்போது நல்ல நெட் வேண்டும். புளியரைப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். பழைய அமைப்பை அழிக்கவும் வேண்டாம், நியோவிம் 0.9 முதல் என்விம் ஆப்நேம் (NVIM_APPNAME) என்ற சூழல் மாறியில் வேறு பெயர் கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று, பிளகின்களை நிறுவும் லேசி (lazy.nvim) வைத்திருக்கும் லாக் ஃபைல். எந்த பிளகின் எந்த கமிட்டில் (பதிப்பில்) இருக்கிறது என்று அது குறித்து வைக்கும். கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியலான கிக்ஸ்டார்டின் கிட் இக்னோரில் அதைப் போட்டிருப்பார்கள், உங்கள் ஃபோர்க்கில் (சொந்தப் பிரதியில்) அந்த வரியை எடுத்துவிட்டு லாக் ஃபைலையும் கமிட் செய்யுங்கள். அப்டேட்டில் ஏதாவது உடைந்தால் அந்தப் பழைய ஃபைலை மீட்டு, லேசி ரெஸ்டோர் கொடுத்தால் போதும், அன்றைய வேலை நிற்காது.