மேலூர் பெரிய வீடு குழு: சித்தப்பாவின் ஹெட்லைட்

சித்தப்பா: நேற்று ராத்திரி நத்தம் போகும்போது பாலம் முடிந்து இறங்கியதும் ரோடே சரியாகத் தெரியவில்லை. எதிரே லாரி வந்தால் ஓரத்து வெள்ளைக்கோடு கூட மறைந்துவிடுகிறது. வேகன் ஆருக்குப் பவர் அதிகமான பல்பு எது நல்லது, யாராவது சொல்லுங்கள்.

மேலூர் மாமா: யோசிக்கவே வேண்டாம் மாப்பிள்ளை. 100/90 வாட் போடுங்கள், பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90, பகல் மாதிரி இருக்கும்.

தம்பி: அப்பா, எல்இடி போடலாம்பா. வெள்ளை வெளேர் என்று இருக்கும், கரண்டும் கம்மி.

அத்தை: எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிறதே, அந்த வெள்ளை லைட்டா? வேண்டவே வேண்டாம்டா.

தேனி அண்ணன்: அத்தை சொன்னது சரி. நான் ராத்திரியில் ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்குகிறவன், அந்த வெள்ளை லைட் எதிரே வந்தால் அடுத்த வளைவு வரைக்கும் கண்ணுக்குள் பூச்சி பறக்கும். சித்தப்பா வண்டியில் இருப்பது எச்4 பல்பு, டிம், பிரைட் இரண்டு இழையும் ஒரே பல்புக்குள் இருக்கும். அதில் டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் உண்டு, அதுதான் வெளிச்சம் மேலே போகாமல் வெட்டி நிறுத்துகிறது. ஹெட்லைட் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் அந்த இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கென்று செய்தது. எல்இடியில் சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் வெளிச்சம் சிதறிவிடும், பம்பர் முன்னால் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் இருக்காது.

தம்பி: கம்பெனியிலேயே எல்இடியோடு வரும் வண்டி இருக்கிறதே அண்ணே?

தேனி அண்ணன்: அது ஹெட்லைட்டையே எல்இடிக்கென்று செய்தது தம்பி. நாம் பேசுவது ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்இடியைச் சொருகுவது.

மேலூர் மாமா: அப்போ நான் சொன்ன 100/90?

தேனி அண்ணன்: மாமா, சாதா பல்பு 60/55. பிரைட் போட்டால் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 17 பக்கம் போகும். கம்பெனி வயரும் சுவிட்சும் அதற்குச் செய்தது இல்லை. முதலில் ஹோல்டர் பழுப்பாகும், அப்புறம் உருகும். சூட்டில் ரிஃப்ளெக்டர் பூச்சும் மங்கிவிடும், அப்படி மங்கினால் பிறகு எந்தப் பல்பு போட்டும் பயனில்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் ரிலே என்கிற சின்ன மின்சுவிட்சை வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுக்க வேண்டும்.

சித்தப்பா: நம்ம கடைக்காரர் 150% அதிக வெளிச்சம் என்று பெட்டியில் போட்ட ஒரு ஜோடியைக் காட்டினார், வாட் அதே 60/55 தான். அது ஏமாற்றா?

நான்: ஏமாற்று இல்லை சித்தப்பா, ஆனால் அந்த 150% சாதா பல்போடு ஒப்பிட்டது இல்லை, விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது. அதுவும் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத்தான். எச்4 என்று விற்க வேண்டுமென்றால் மொத்த வெளிச்சம் டிம்மில் 1000 லூமன், பிரைட்டில் 1650, கூடக் குறைய 15% தான் இருக்கலாம். வித்தியாசம் தெரியும், இரண்டரை மடங்கெல்லாம் ஆகாது. இழையை நெருக்கிச் சுற்றிச் சூடாக எரிய விடுவதால் சீக்கிரமும் போய்விடும். நீலப் பூச்சு உள்ளதை மட்டும் வாங்க வேண்டாம், அந்தப் பூச்சே வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

தேனி அண்ணன்: பல்பு வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கிறதா? ஒரு போட்டோ போடுங்கள்.

சித்தப்பா: 📷

தேனி அண்ணன்: அடக் கடவுளே. சித்தப்பா, இது மோர் ஊற்றின டம்ளர் மாதிரி இருக்கிறது. இதற்குப் பின்னால் எந்தப் பல்பு எரிந்து என்ன? அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நம்ம ஊர் வெயிலில் மேல்பூச்சு போய் மங்கிவிடும். 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, கடைசியில் வெயிலைத் தடுக்கும் யுவி பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். பூச்சு இல்லாமல் பளபளப்பு மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

மேலூர் மாமா: பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதும் என்று வீடியோவில் காட்டினார்களே. டூத் பேஸ்ட்.

தேனி அண்ணன்: கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று இருக்கும் மாமா, அவ்வளவுதான். இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியில் ஒரு தடவையும் பல்பு ஹோல்டரில் ஒரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 14 வோல்ட் காட்டி ஹோல்டரில் 12.4 தான் வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போய்விட்டது என்று அர்த்தம். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகலாம், இல்லையென்றால் ரிலே கிட். 60/55 பல்புக்குமே அது நல்லதுதான்.

அத்தை: இவ்வளவு பேசியும் என்ன பல்பு என்று யாரும் சொல்லவில்லையே?

நான்: பாலிஷ், அப்புறம் வோல்ட், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் நல்ல கம்பெனி 60/55, இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள் சித்தப்பா. பல்புக் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம்.

தேனி அண்ணன்: ஃபோகஸை மறந்துவிடாதீர்கள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டால், வெளிச்சம் வெட்டும் கோடு ஹெட்லைட் உயரத்துக்கு ஒரு 10 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும்.

சித்தப்பா: சரி, ஞாயிற்றுக்கிழமை பாலிஷுக்கு விடுகிறேன். கடைக்காரரிடம் அந்த 150% ஜோடியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேனே, வேண்டாம் என்று சொல்லவா?

தேனி அண்ணன்: பாலிஷ் முடிந்து ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேலூர் மாமா: பாலிஷ்காரர் நம்பரை எனக்கும் அனுப்புங்கள் மாப்பிள்ளை.