ஆர்பிஎல்: பாக்கெட் மேல்நோக்கி வருகிறது, கீழ்நோக்கிப் போவதில்லை. உதவி தேவை

கான்டிகி-என்ஜியில் (சிறு கருவிகளுக்கான இயங்குதளம்) ஆர்பிஎல் லைட் (பாக்கெட்டுகளுக்கு வழி கண்டறியும் ஆர்பிஎல் நெறிமுறையின் எளிய வடிவம்) பயன்படுத்தி பல நோடுகளுடன் ஒரு கம்பியில்லா சென்சார் வலையமைப்பை ஓட்டுகிறேன். எல்லாமே என்ஆர்எஃப்52840 போர்டுகள். நான்-ஸ்டோரிங் முறை (கீழ்நோக்கிய வழிகளை ரூட் எனும் தலைமை நோடு மட்டுமே வைத்திருக்கும்), சிஎஸ்எம்ஏ (அனுப்பும் முன் அலைவரிசை காலியா என்று பார்க்கும் முறை), சேனல் 26. மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

தொடங்கிய இரண்டு மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது. அதன்பிறகு மூன்றாவது தாவலுக்கு (ஹாப்) அப்பால் உள்ள நோடுகளுக்கு ரூட்டிலிருந்து அனுப்பும் பிங் போய்ச் சேருவதில்லை. அதே நோடுகளின் வெப்பநிலை அளவீடுகள் மட்டும் தவறாமல் ரூட்டுக்கு வருகின்றன. இதுதான் என்னைக் குழப்புகிறது.

சேனலை 15க்கு மாற்றினேன், பயனில்லை. ரேடியோ ஃப்ரேமின் 127 பைட் வரம்பைச் சந்தேகித்து 8 பைட் தரவுடன் பிங் செய்தேன், அப்போதும் தோல்விதான். குளோபல் ரிப்பேர் (முழு வலையமைப்பின் வழிகளையும் புதிதாக அமைப்பது) கொடுத்தால் உடனே சரியாகி, சில மணி நேரத்தில் மீண்டும் அதே நிலை. கான்டிகியின் கூஜா சிமுலேஷனில் ஒருமுறைகூட இது வரவில்லை.

நேற்றிரவு ஸ்னிஃபரை (காற்றில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். பிங் பாக்கெட் மூன்றாவது தாவலில் உள்ள நோடு வரை வருகிறது, அங்கிருந்து வெளியேறவில்லை. அந்த நோடின் அண்டை அட்டவணையை (நேரடியாகத் தொடர்புகொள்ளும் நோடுகளின் பட்டியல்) அச்சிட்டால், அதன் வழியாகவே அளவீடு அனுப்பும், அடுத்த தாவலில் உள்ள பிள்ளை நோடின் பதிவே அதில் இல்லை! அட்டவணை அளவை 16லிருந்து 32 ஆக உயர்த்தினேன். கோளாறு ஐந்து மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான்: நான்-ஸ்டோரிங் முறையில், பிள்ளை நோடின் பதிவு அண்டை அட்டவணையிலிருந்து வெளியேற்றப்படாமல் காப்பது எப்படி?