பச்சையாகக் கிடந்த நீச்சல் குளத்தைத் தெளிய வைத்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

ஆறாம்மாடி

எங்கள் அடுக்ககம் ஓஎம்ஆரில் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகப் பூட்டிய குளம், அப்புறம் பராமரிப்புக் காசு யார் தருவது என்று சங்கத்தில் சண்டை, ஆபரேட்டரும் ஊருக்குப் போய்விட்டார். 2021 கடைசியில் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கை வைத்தோம். நிறத்தை விவரிக்க வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பம்ப் ஓடியது, ஆனால் இழுவை இல்லை. அடியில் மெயின் ட்ரெயின், அதாவது பம்ப் தண்ணீரை இழுக்கும் ஓட்டை, அதன் மூடியில் இலை அடைத்திருக்கும் என்று நினைத்து, பம்பை நிறுத்தாமலே நான் இறங்கிவிட்டேன். நெஞ்சளவுத் தண்ணீர். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை. காலாலேயே துழாவினேன், பாசி வழுக்கியது, ஒன்றும் தட்டுப்படவில்லை, ஏறிவிட்டேன்.

மற்றதெல்லாம் வழக்கமான கதைதான். இலை அள்ளினோம், சுவர் தேய்த்தோம், ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கினோம், மூன்று ராத்திரி குளோரின். பிறகு ஆலம், அதாவது படிகாரம், கரைத்து ஊற்றி பம்பை ஒரு ராத்திரி நிறுத்தி, படிந்தது ஃபில்டருக்குப் போகாமல் நேரே வெளியே போக வால்வை வேஸ்ட்டில் வைத்து வேக்கம் பண்ணினோம். ஒன்பதாம் நாள் காலை அடி தெரிந்தது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் பார்த்தது ஒன்றைத்தான். மெயின் ட்ரெயின் மேல் மூடியே இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு ஓட்டை, மூடி ஒரு முழம் தள்ளிக் கவிழ்ந்து கிடக்கிறது. நான் கால் விட்டுத் துழாவிய இடம் அதற்குப் பக்கத்திலேயே. காலோ கையோ அதில் போயிருந்தால் பம்ப் விட்டிருக்காது. இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

தோப்புவீடு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம், மாமனார் ஆசைப்பட்டுக் கட்டியது. அவர் போன பிறகு இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தது. தண்ணீர் குறைந்திருந்ததால் போர் தண்ணீர் விட்டு நிரப்பி, பொழுது சாய்ந்ததும் குளோரின் ஊற்றினேன். விடிந்து போய்ப் பார்த்தால் பச்சை போயிருந்தது, குளம் நிறைய டிகாஷன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு அந்தப் பாசியே தேவல போலிருக்குதே" என்றார். போர் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கிறது, குளோரின் பட்டதும் துருவாகிவிட்டது என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஆலம் போட்டு, ஒரு வாரம் ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவி, அதான் பேக்வாஷ், பண்ணிப் பண்ணி எடுத்தோம். டைல்ஸ் இடுக்கில் இன்னும் பழுப்பு இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது டிகாஷன் இல்லை. அந்தக் குளத்தில் நூறு தவளையாவது இருந்திருக்கும், ராத்திரி தூங்கவே விடாது. குளோரின் ஊற்றிய அன்று கொஞ்ச நேரத்தில் தோட்டமே அடங்கிப்போனது. திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு எதனால் என்று உடனே புரியவில்லை. புரிந்த பிறகு சோறு இறங்கவில்லை. முதலில் வலை போட்டு அள்ளி வாய்க்காலில் விட்டிருக்கலாம், தோன்றவே இல்லை.

கணக்கு வாத்தியார்

இரண்டு பேருமே அடிப்படையில் தவறு செய்திருக்கிறீர்கள், சொல்வதற்கு மன்னிக்கவும். ஆறாம்மாடி சார், மூன்று ராத்திரி குளோரின் என்கிறீர்கள், எத்தனை கிலோ? குளம் எத்தனை லிட்டர்? கணக்கே இல்லாமல் கொட்டினால் அது வைத்தியம் இல்லை, வேண்டுதல். 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 என்றால் 78 கன மீட்டர், அதாவது 78,000 லிட்டர். அதில் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஏற வேண்டுமானால் 780 கிராம் குளோரின். 65 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 1.2 கிலோ. சாதாரண பிளீச்சிங் பவுடர் 30 சதவீதம் என்று வைத்தால் 2.6 கிலோ, அதுவும் பழைய மூட்டை என்றால் பாதி வீரியம் போயிருக்கும், சுண்ணாம்பு வேறு அடியில் தங்கும். ஒரு தடவை போட்டால் போதாது. பாசி குளோரினைத் தின்னும், தின்னத் தின்ன மறுபடி ஏற்ற வேண்டும். ராத்திரி அளந்து, விடியற்காலை வெயில் வருமுன் அளந்து, 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் நின்றால்தான் பாசி செத்தது என்று அர்த்தம். டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் கவனிக்கவும், அதில் சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், அது ஏறிவிட்டால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் வேலை செய்யாது, பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் அளக்காதீர்கள், விஷவாயு வரும். டிசிசிஏ அளந்த கரண்டியை ஹைப்போகுளோரைட் டப்பாவில் விடாதீர்கள், தீப்பிடிக்கும். ஆலம் தேவையே இல்லை, ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட்டி, பிரஷர் 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது பேக்வாஷ் செய்தால் தானே தெளியும், ஆலம் அவசரக்காரர்களுக்கு. அம்மா, நீங்கள் போர் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அதில் துளி குளோரின் விட்டுப் பார்த்திருந்தால் நிறம் அங்கேயே தெரிந்திருக்கும். கண்டதை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக் போதாதா? ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக் குளோரினை முறித்துவிட்டார்கள், உலகமே பார்க்க டைவிங் குளம் பச்சையாக நின்றது.

என் அனுபவம் என்றால், தங்கை வீட்டுக் குளம், ஐந்து நாளில் தெளிந்தது.

சும்மாபடிப்பவன்

வாத்தியார் பீரியட் முடிந்ததா? எனக்கு ஒன்று புரியவில்லை. இத்தனை ரசாயனம் எதற்கு? மோட்டார் வைத்து மொத்தமாக இறைத்துவிட்டு, கழுவி, 12,000 லிட்டர் லாரி ஏழு லோடு அடித்தால் இரண்டே நாளில் வேலை முடிந்தது.

கோவளத்துக்காற்று

சும்மாபடிப்பவன், தயவுசெய்து இதைப் படியுங்கள். நீங்கள் சொன்னதைத்தான் நான் செய்தேன்.

ஈசிஆரில் அக்கா வீடு, கடற்கரையிலிருந்து நடை தூரம். நவம்பர் மாதம், நல்ல மழை அடித்து ஓய்ந்திருந்தது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றதைப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் குளத்தைக் காலி பண்ணிவிட்டோம். சேறு அள்ளி, அடியைத் தேய்த்து, டைல்ஸ் பளபளவென்று இருந்தது, போட்டோகூட எடுத்து அனுப்பினேன். மறுநாள் நிரப்பலாம் என்று படுத்தோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், வெளியே தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினால், ஆழமான பக்கத்தில் தரை நடுவில் பூரி மாதிரி உப்பி நிற்கிறது, டைல்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று எழும்புகிறது, இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே வருகிறது. காலியாக இருக்கும் குளம் ஒரு தோணி மாதிரி, நிலத்தடி நீர் அதை மேலே தள்ளும், உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கிப் பிடித்திருந்தது என்று மேஸ்திரி காலையில் வந்து சொன்னார். அழுத்தம் விட அடியில் வால்வு வைத்திருப்பார்களாம், இந்தக் குளத்தில் இல்லை. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

மெல்பர்ன் மருமகன்

இங்கே குளிர்காலம் முழுக்க மூடி வைத்துவிட்டு அக்டோபரில் திறந்தால் பச்சை. வாத்தியார் சொன்ன மாதிரி அளந்துதான் போட்டேன் சார், அதனால்தான் மாட்டினேன். டெஸ்ட் கிட்டில் மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வர வேண்டும், வரவில்லை. குளோரின் இல்லை போலிருக்கிறது என்று மறுபடி ஊற்றினேன். மறுபடியும் நிறம் இல்லை. இப்படி மூன்று நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, கிட் மட்டும் பூஜ்யம் என்கிறது. மகள் பொறுக்காமல் குதித்துவிட்டாள், கண் சிவந்து ஐந்து நிமிடத்தில் ஏறினாள். அவளுடைய கருநீல நீச்சலுடை ஒரு வாரத்தில் தேமல் விழுந்த மாதிரி வெளுத்துவிட்டது.

கடைக்காரர் என் தண்ணீரில் ஒரு பங்குக்கு நல்ல தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து மாத்திரை போட்டார். பளிச்சென்று இளஞ்சிவப்பு. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடுமாம். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மாத்திரை விழுந்ததும் ஒரு கணம் சிவப்பு கீற்றாக ஓடி மறைந்தது, நான் பார்த்தேன். பார்த்துவிட்டு பூஜ்யம் என்று நோட்டில் எழுதினேன்.

கணக்கு வாத்தியார்

அளந்ததால் மாட்டவில்லை, அளந்ததை நம்பாததால் மாட்டினீர்கள். மேலும் கோவளம் விஷயத்தில், மழைக்காலத்தில் காலி செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கோவளத்துக்காற்று

எனக்குத் தெரியவில்லை வாத்தியாரே, அதனால்தான் எழுதினேன்.

தோப்புவீடு

ஆறாம்மாடி அண்ணா, நாங்கள் பாட்டுக்கு எங்கள் கதையை அளந்துகொண்டிருக்கிறோம். அந்த மூடியைப் போட்டீர்களா? எப்படிக் கழன்றதாம்?

ஆறாம்மாடி

போட்டோம் அம்மா, ஒரே நாளில் புதிதாக மாட்டினோம், நான்கு திருகாணி, எல்லாம் ஸ்டெயின்லெஸ். ஆலம் பற்றி வாத்தியாரோடு எனக்குச் சண்டை இல்லை, எங்கள் ஃபில்டரில் மணல் பழசு, தானாகத் தெளியும் என்று காத்திருந்தால் இன்னும் பச்சையாகவே இருந்திருக்கும்.

எப்படிக் கழன்றது என்று நானும் கேட்டேன். பழைய ஆபரேட்டர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "அது 2019லயே ஆடிட்டிருந்தது சார், ஒரே ஒரு திருகாணிதான் பிடிச்சிட்டிருந்தது, கமிட்டியில சொன்னேனே" என்றார். அந்தக் கோடையில் குளம் நிறையப் பிள்ளைகள். எனக்கு ஆத்திரம். சங்க ஆபீசில் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. 'குளத்தின் அடிமூடி தளர்வு, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்.' கீழே பொருளாளர் என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்து.