டி-34 டரெட் ஹல்லில் உட்காரவில்லை, அவசர உதவி தேவை

செந்தணல்: வணக்கம். கைமாறி வந்த பழைய டி-34 (இரண்டாம் உலகப் போர் சோவியத் டாங்கி) பிளாஸ்டிக் மாடல், செய்முறைத் தாள் இல்லை. ஹல் (வண்டியின் உடல்) முடித்துவிட்டேன், டரெட் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) துளைக்குள் இறங்க மறுக்கிறது. அரம் போட்டுத் துளையைப் பெரிதாக்கலாமா? ஞாயிறுக்குள் முடிக்கணும்.

பசைவிரல்: எந்த அளவு? 1/35 தானா? போட்டோ போடுங்க.

மழைக்காகம்: பழைய பிளாஸ்டிக் வளைந்திருக்கும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்க. எனக்கு எப்போதும் அதுதான் கைகொடுக்கும்.

பசைவிரல்: வட்டத்துளை வளைந்து நான் பார்த்ததில்லை. பெயின்ட் தடிமனாக அடித்தீர்களா?

எஃகுத்தாத்தா: டி-34 என்று மட்டும் சொன்னால் என்ன புரிந்துகொள்வது தம்பி? 76 மி.மீ. பீரங்கி வண்டியா, 85-ஆ? பீரங்கிக் குழாய் நீளம்? தளபதி மூடிக்குக் கீழே மேடு இருக்கிறதா? இதெல்லாம் இங்கே நூறு தடவை பேசியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

மழைக்காகம்: இரண்டுக்கும் ஹல் ஒன்றுதானே ஐயா? டரெட்டை மட்டும்தான் மாற்றினார்கள்.

எஃகுத்தாத்தா: ஏறக்குறைய ஒன்றுதான், டரெட் உட்காரும் வளையம் தவிர. 76-இல் அது சுமார் 1420 மி.மீ. 85-க்கு 1600 ஆக்கினார்கள். பழைய டரெட்டில் இரண்டே பேர். தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். 1943 குர்ஸ்க் சண்டைக்கு அப்புறம் பெரிய பீரங்கி வேண்டியிருந்தது, மூன்றாவது ஆளுக்கும் இடம் வேண்டியிருந்தது. 85 வந்தது 1944-இல். 1/35 அளவில் வித்தியாசம் 5 மி.மீ. அளந்து சொல்லுங்க.

செந்தணல்: 1/35 தான். துளை 40 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், டரெட் அடிப்பகுதி 45-க்கு மேல்.

பசைவிரல்: அப்படியானால் அரத்தைக் கீழே வைங்க. 76-இன் ஹல்லில் 85-இன் டரெட்டைத் திணிக்கிறீர்கள். பெட்டியில் இரண்டு கலந்திருக்கு. நடுச் சக்கரங்களில் ரப்பர் இருக்கா?

செந்தணல்: முதலும் கடைசியும் ரப்பர். நடுவில் மூன்றும் வெறும் இரும்பு.

பசைவிரல்: ரப்பர் தட்டுப்பாட்டு காலத்து வண்டி, 1942 வாக்கில். அந்த ஹல்லுக்கு ஆறுமூலை டரெட் ஒன்று பெட்டியில் கிடக்கணும், தேடுங்க.

மழைக்காகம்: சக்கரம் என்றதும் நினைவு வருது. அந்தச் சஸ்பென்ஷனே அமெரிக்கப் பொறியாளர் கிறிஸ்டியுடையது. ரஷ்யர்கள் சொந்தமாகச் செய்தது என்ன?

எஃகுத்தாத்தா: வாங்கினது கிறிஸ்டியிடம், சரி. ஆனால் சக்கரத்திலும் ஓடும், செயினிலும் ஓடும் என்ற கிறிஸ்டி வித்தையைக் கைவிடச் சொல்லி மல்லுக்கட்டியவர் டி-34-ஐ வடிவமைத்த கோஷ்கின். 45 மி.மீ. தகட்டைச் சாய்த்து வைத்ததும், டீசல் எஞ்சினும் கிறிஸ்டியிடமிருந்தா வந்தன? 1940 மார்ச்சில் கார்கிவிலிருந்து மாஸ்கோவுக்கு இரண்டு மாதிரி வண்டிகளை ஓட்டிப் போனார்கள், அவரும் கூடவே. நிமோனியா பிடித்து அந்த செப்டம்பரிலேயே செத்தார். போர்க்களத்தில் தன் வண்டி ஓடுவதைப் பார்க்கவே இல்லை.

மழைக்காகம்: சுருள்வில்லை ஹல்லுக்குள் வைத்து உள்ளே இடத்தைத் தின்னவிட்டார்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

எஃகுத்தாத்தா: அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

செந்தணல்: ஆறுமூலை டரெட் அடியில் இருந்தது. சரியாக உட்கார்ந்துவிட்டது, நன்றி. 85 டரெட் உபரி, யாருக்காவது வேணுமா?

மழைக்காகம்: எனக்கு!