ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்: ஒரு ஸ்வெட்டர் போதுமா?

கொங்குப்பயணி:
ஜூலை முதல் பாதியில் அப்பா அம்மாவோடு ஜோகன்னஸ்பர்க் போகிறோம். ரோஸ்பேங்க் பக்கம் வாடகை வீடு. வானிலை ஆப் பகலில் 17, இரவில் 4 என்று காட்டுகிறது. "ஊட்டி மாதிரிதானே, ஒரு ஸ்வெட்டர் போதும்" என்கிறார் அப்பா. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. இருவருக்கும் 60 தாண்டிவிட்டது. குடை வேண்டுமா? பிளக் எப்படி? சஃபாரிக்குப் போகலாமா? அடிஸ் அபாபா வழி டிக்கெட் மலிவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா?

ஹைவெல்டு:
குடை வேண்டாங்க. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே மழை கிட்டத்தட்ட கிடையாது. கேப்டவுன் இதற்கு நேர் எதிர், அதே மாதங்களில்தான் அங்கே மழைக்காலம். அங்கேயும் போவதாக இருந்தால் மட்டும் ரெயின்கோட் எடுத்துக்குங்க.

ஊட்டிக் கணக்கு சரிவராது. ஜூலை ஊட்டி ஈரக் குளிர், இது வறண்ட குளிர். ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரம், வானத்தில் மேகமே இருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு அரைக்கைச் சட்டையோடு வெயிலில் உட்காரலாம். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துடும். சூட்டைப் பிடித்து வைக்க மேகமும் இல்லை, ஈரமும் இல்லை, மளமளன்னு இறங்கும். விடிகாலையில் புல்லில் உறைபனி சாதாரணம். அதனால் ஒரு தடித்த கோட்டை விட, உள்ளே தெர்மல் உள்ளாடை, மேலே சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற மேல்சட்டை, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்கடுக்கா போட்டுக் கழற்றுவதுதான் வசதி.

உண்மையான குளிர் வீட்டுக்குள்ளேதான். பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. டைல்ஸ் தரை, ஜன்னல் இடுக்கில் காற்று. பகலில் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமா குளிரும். வீட்டுக்காரரிடம் இப்பவே மூணு விஷயம் கேளுங்க: ஆயில் ஹீட்டர் (உள்ளே எண்ணெய் நிரப்பிய, கரண்டில் ஓடும் ஹீட்டர்) எத்தனை, கட்டிலில் எலெக்ட்ரிக் பிளாங்கெட் உண்டா, படுக்கையறை ஜன்னல் எந்தத் திசை. வடக்குப் பார்த்த அறையா கேட்டு வாங்குங்க. தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். தெற்குப் பார்த்த அறையில் நாள் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. பெரியவர்களுக்குத் தடித்த சாக்ஸும் வீட்டுக்குள் போட செருப்பும் மறக்காதீங்க.

கேப்டவுன் பக்கம் குளிர்காற்று அடித்தால் ஓரிரு நாளில் அது ஜோகன்னஸ்பர்க்குக்கும் வரும். அன்னைக்குப் பகலிலேயே 10 டிகிரியைத் தாண்டாது. பனி விழுவது அபூர்வம். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் விழுந்தது.

வழித்துணை:
அடிஸ் அபாபா டிக்கெட்டை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம். அது இருக்கும் எத்தியோப்பியா, மஞ்சள் காய்ச்சல் (yellow fever) அபாயப் பட்டியலில் உள்ள நாடு. அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினாலோ, வெளியே போய் வந்தாலோ தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 60 வயதுக்கு மேல் இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல், டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. உங்கள் வீட்டுக்கு துபாய் அல்லது தோஹா வழிதான் நல்லது. சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

பிளக்: அங்கே பெரிய மூன்று உருண்டை முள். நம் வீட்டு கீசர், ஏசிக்கு வரும் 16 ஆம்பியர் பிளக் அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் சிறிய மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ஊரிலேயே எலெக்ட்ரிகல் கடையில் 16 ஆம்பியர் பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கினால் எல்லாருடைய சார்ஜருக்கும் அது போதும். மின்சாரம் 230 வோல்ட்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து காட்ரெயின் என்ற விரைவு ரயில் உண்டு. சாண்ட்டன் ஸ்டேஷனுக்குச் சுமார் கால் மணி நேரம்; அங்கே இறங்கி தெற்கே போகும் ரயிலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ரோஸ்பேங்க். ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம், மூவருக்கும் தனித்தனி கார்டு வேண்டும். இரவு தாமதமாக இறங்கினால் ரயில் இருக்காது, ஆப் டாக்சி பிடியுங்கள். இருட்டிய பிறகு பக்கத்துத் தெருவுக்குக்கூட நடக்க வேண்டாம்.

பிரிட்டோரியாவாசி:
அம்மாவுக்காகச் சொல்கிறேன். குளிர்கால அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும். நிலக்கரி அடுப்புப் புகையும் புல்வெளித் தீயின் புகையும் மேலே போக வழியின்றி அதிலேயே நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கலையும். நடைப்பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். வறட்சியில் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியலாம். வாசலினும் உப்புநீர் நேசல் ஸ்ப்ரேயும் போதும். வெயில் இதமாகத் தெரிந்தாலும் அந்த உயரத்தில் தோலைச் சுடும்.

சஃபாரிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. புல் காய்ந்து பார்வை தெளிவாக இருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி அணைப் பக்கம் வரும். பிலானெஸ்பெர்க் சரணாலயம் இரண்டரை மணி நேர கார் பயணம், மலேரியா இல்லாத இடம். விடிகாலைத் திறந்த வண்டியில் மட்டும் காதை மூடும் குல்லா, கையுறை, மப்ளர் மூன்றும் கட்டாயம். அம்மாவை மாலைச் சவாரிக்கு அழைத்துப் போங்கள்.

நகரில் கான்ஸ்டிட்யூஷன் ஹில் பழைய சிறையைப் பாருங்கள், காந்தி அடைபட்டிருந்த இடம். பக்கத்தில்தான் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டம். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையும் நாகப்பனும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நாகப்பன் 1909 ஜூன் குளிரில் கைதிகளின் சாலைப்பணி முகாமில் வதைபட்டு, நிமோனியாவால் ஜூலை 6 அன்று இறந்த இளைஞர். நீங்கள் போவதும் அதே பருவம். தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம். பகலில், காரில் போங்கள்.

கொங்குப்பயணி:
ரொம்ப நன்றிங்க. துபாய் வழியே எடுக்கிறோம். வீட்டுக்காரரிடம் கேட்டேன்: அறை வடக்குப் பார்த்ததுதான், ஆனால் இருப்பது சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டராம்.

ஹைவெல்டு:
அதைக் கூடத்தில் மட்டும் வைங்க. எரியும்போது ஒரு ஜன்னல் நாலு விரல் அளவாவது திறந்திருக்கணும்; மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது. படுக்கும் முன் சிலிண்டர் வால்வையே மூடிடுங்க. கேஸ் எரிவது அம்மாவின் ஆஸ்துமாவுக்கும் ஆகாது. அவர் அறைக்கு ஆயில் ஹீட்டர் ஒன்று வைக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா அங்கேயே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிடலாம், ஜூலையில் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பாங்க.