ட்ராக் டேவுக்கு எம்எக்ஸ்-5: டாலியா, டிரெய்லரா?

கேள்வி:
கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, எடை 1,050 கிலோ. ட்ராக் டேக்காக (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) அதை இழுக்கப்போவது டீசல் எஸ்டேட் கார் (பின்னால் நீண்ட சாமான் இடம் உள்ளது). பிரேக் உள்ள டிரெய்லருக்கு அதன் வரம்பு 1,600 கிலோ. லண்டனிலிருந்து ஸ்னெட்டர்டன் பந்தயத் தடத்துக்குப் போய்வர வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் தூக்கும் டாலி மலிவு, வீட்டில் இடமும் அடைக்காது. அது போதுமா? லைசென்ஸ் 2009-ல் எடுத்தது.

பதில் 1:
டாலி வேண்டவே வேண்டாம். இது பின்சக்கரத்தில் ஓடும் கார். பின்சக்கரம் உருண்டால், அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் பின்தண்டைச் சுழற்றும். இன்ஜின் நின்றிருப்பதால் எண்ணெயை வாரி இறைக்கும் கீழ்த்தண்டு சுழலாது. நியூட்ரலில் போட்டாலும் பேரிங் காய்ந்து தேயும். ஒவ்வொரு தடவையும் ஷாஃப்டைக் கழற்றுவது நடக்கிற காரியமில்லை. தவிர, பிரிட்டனில் டாலி என்பது பழுதான வண்டியை மீட்பதற்குத்தான்.

நான்கு சக்கரமும் ஏறும் இரட்டை அச்சு டிரெய்லர் வாங்குங்கள். லைசென்ஸ் கவலை இல்லை: 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான். மூன்று லேன் இருந்தால் வலது கோடி லேனுக்குப் போகக் கூடாது.

பதில் 2:
வாங்குமுன் கணக்குப் போடுங்கள். டிரெய்லர் 480 கிலோ என்றால் காரோடு 1,530. மிச்சம் 70 கிலோ. உபரிச் சக்கரம் நான்கே அதைத் தின்றுவிடும்! சக்கரம், ஜாக்கி, கருவிகளை எஸ்டேட்டுக்குள் வையுங்கள். ஆனால் இரண்டு வண்டியும் சேர்ந்த மொத்த எடை வரம்பையும் எஸ்டேட்டின் எடைத் தகட்டில் பாருங்கள்.

அதைவிட முக்கியம், டிரெய்லரின் மூக்கு எஸ்டேட்டின் இழுவைக் கொக்கியில் இறக்கும் பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 80 முதல் 110 கிலோ நல்லது. ஆனால் பல கார்களின் கொக்கி வரம்பே 75, 80 கிலோதான். அதைத் தாண்டாமல் அதன் அருகில் நிறுத்துங்கள். குறைந்தால் டிரெய்லர் பாம்பாக நெளியும். குளியலறைத் தராசின் மேல் மரக்கட்டை வைத்து, கொக்கி உயரத்திலேயே அளக்கலாம். காரைச் சில அங்குலம் முன்னே பின்னே நகர்த்தினாலே பாரம் மாறும். சரியான இடத்தில் டிரெய்லர் தரையில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். நெளிய ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காரை டிரெய்லரோடு பிணைக்கும் பட்டையை எங்கே கட்டுவது? கார் தாழ்வு, ஏறும்போது முன் பம்பர் இடிக்குமே?

பதில் 1:
பட்டை டயர் மேல்தான், 50 மி.மீ. ராட்செட் (கைப்பிடியால் இறுக்கும் பட்டை), நான்கு சக்கரத்துக்கும். பாடியில் கட்டினால் சஸ்பென்ஷன் அமுங்கி அமுங்கிப் பட்டை தளரும். 15 மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பம்பருக்கு, சாய்பலகையின் அடியில் ஒரு மீட்டர் நீளத்தில் தடித்த பலகை இரண்டு போட்டால் ஏற்றம் குறையும். எஸ்டேட்டில் மாட்டிய பிறகே காரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பிவிடும்.