புதுப்பிப்பு: 8 ரிங்கிட் குறுக்கெழுத்துப் புத்தகம்

போன மாதம் புலம்பியிருந்தேனே, பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் 8 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய குறுக்கெழுத்துத் தொகுப்பு. பாதிக் கட்டங்களை யாரோ பேனாவாலேயே நிரப்பியிருந்தார்கள் என்று. "அப்பாவிடம் கொடுங்கள்" என்றார் ஒருவர். கொடுத்தேன்.

இப்போது புத்தகம் என்னிடம் திரும்புவதாயில்லை.

ஒரு விஷயத்தில் நான் தவறு. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்களைத் திருப்பிப் போடுவது சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தேன். அப்பா மறுத்தார்: "தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காதுப்பா. மேல் கட்டத்தில் 'ல்' வந்து உட்கார்ந்துவிட்டால் புதிர் போடுகிறவன் என்ன செய்வான்? 'கடல்' என்பதைக் கவிழ்த்துத்தான் போடணும்." சரிதான். புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு முழுக் கட்டம் தர வேண்டிய மொழி நம்முடையது.

ஆனால் "குழம்பியிருக்கிறது" என்ற குறிப்பை இன்னும் மன்னிக்க மாட்டேன். எழுத்துகளை எந்த வரிசையிலும் எழுதலாம் என்றால் அது புதிரா? இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு மூன்று அப்படி.

அதற்கு ஈடாக ஒன்று கிடைத்தது: "அவள் கடைசி எழுத்தை விட்டுச் சரம் தொடுத்தால் பதற்றம் (5)". இருபது நிமிடம் முழித்தேன். அப்பா தே தாரிக்கை (மலேசியப் பால் தேநீர்) ஆற்றிக்கொண்டே "அவசரம்" என்றார்.

பேனாக்காரர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.